‘பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்’

சம்பளம் பேச உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே நிர்வாக அதிகாரி. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க தம்பி?" என்கிறார். ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த மதிப்பெண்களையும் கட்டணக் கணக்கையும் டேட்டாபேஸில் கட்டிக் காக்கப் போகிற நீ, கழுத்தைத் தடவிக்கொண்டு சொல்கிறாய்: "நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்."

போச்சு! அடுத்த பத்து வருடத்தை அந்த ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாய். சும்மா மிரட்டவில்லை, கணக்குப் போட்டுப் பார். 18,000 ரூபாயில் சேர்ந்தவனுக்கும் 25,000 ரூபாயில் சேர்ந்தவனுக்கும் வருடா வருடம் ஒரே 5 சதவீத இன்கிரிமென்ட் என்று வைத்துக்கொள். சேரும்போது இருவருக்கும் இடைவெளி 7,000 ரூபாய். பத்து இன்கிரிமென்ட் முடியும்போது ஒருவன் 29,300-ஐச் சுற்றி நிற்பான், மற்றவன் 40,700-ஐத் தாண்டியிருப்பான். இடைவெளி 11,000-க்கு மேல். ஒரே நாற்காலி, ஒரே சர்வர் ரூம், ஒரே ஏ.சி. குளிர். வேறுபாடு எங்கே பிறந்தது? முதல் நாள், உன் வாயில்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்த வாக்கியத்துக்கு இன்னொரு துணை வாக்கியம் உண்டு. அதைச் சொல்வது எதிர்த்தரப்பு. "ஊர்க்காரப் பையன், வீட்டுச் சாப்பாடு, வாடகை கிடையாது. சென்னைக்குப் போனா பி.ஜி. ஹாஸ்டலுக்கே எட்டாயிரம் போகுமேப்பா!" கேட்க அன்பாக இருக்கும். நீயும் "ஆமா சார்" என்று தலையாட்டுவாய். கொஞ்சம் நில். அந்த வீடு யாருடையது? உன் அப்பா மில்லில் ஷிப்ட் பார்த்துக் கட்டிய வீடு. அந்தச் சோறு யாருடையது? உன் அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து வடித்த சோறு. அது நிர்வாகத்துக்குக் கொடுத்த மானியம் ஆனது எப்போது? உன் குடும்பத்தின் சேமிப்பைக் காட்டி உன் உழைப்பின் விலையைக் குறைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நீ வாடகை கொடுக்கிறாயா இல்லையா என்பது சர்வருக்குத் தெரியாது. அது சென்னையில் செய்யும் அதே வேலையைத்தான் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலிலும் செய்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பால்கோவா விற்கிறார்களே, அங்கே போய் "உள்ளூரில் கிண்டியதுதானே, பாதி விலைக்குக் கொடுங்க" என்று கேட்டுப் பார். சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். உள்ளூரில் செய்ததால்தான் அதற்கு விலையே. 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்து நாடே அதை ஒப்புக்கொண்டது. பால்கோவாவுக்கு இருக்கிற ரோஷம் உனக்கு ஏன் இல்லை?

வேலை இல்லாத ஊர் என்றும் சொல்லாதே. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ராஜபாளையத்தில் 2013-ல் ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி வந்தது. ராஜுக்கள் கல்லூரி இருக்கிறது. வடக்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தெற்கே திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இந்த வட்டாரம் நெடுகப் படிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். அத்தனை பேரின் பெயர், மதிப்பெண், கட்டணம், சாதிச் சான்றிதழ், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் எங்கோ ஒரு டேட்டாபேஸில் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆள்தான் நீ. உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘லேப் டெக்னீஷியன்’ என்றோ ‘ப்ரோக்ராமர்’ என்றோ போட்டிருக்கலாம். நம் பல்கலைக்கழகப் பணியிடப் பட்டியல்களில் ‘டேட்டாபேஸ் அட்மினிஸ்டிரேட்டர்’ என்ற பெயரையே அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். பெயரில்லாத வேலைக்கு விலை கேட்பது கடினம்தான். அதனால் முதலில் நீ என்ன செய்கிறாய் என்று நீயே உரக்கச் சொல்லிப் பழகு.

ரிசல்ட் வெளியாகும் மாலையை எடுத்துக்கொள். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் (சி.ஓ.இ.) அலுவலகம் பட்டனைத் தட்டியதும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பதிவு எண்ணை அடிக்கிறார்கள். பதிவு எண்ணுக்கு இண்டெக்ஸ் போடாத டேபிளாக இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரட்டும். அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறிப் படுத்துவிடும். மறுநாள் காலை பேப்பரில் கல்லூரியின் பெயர் வரும். இண்டெக்ஸ் போட்டிருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில். அன்று யாரும் உன்னைப் பாராட்ட மாட்டார்கள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை, நடக்காததைப் பார்த்து யார் கை தட்டுவார்? உன் ஊதியம் உயராததற்குப் பாதிக் காரணம் இதுதான். உன் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. நீதான் அதை எழுதிக் காட்ட வேண்டும்.

இன்னும் கேள். 2021-ல் வந்த கல்வி மதிப்பெண் வங்கித் திட்டத்தில் மாணவனின் கிரெடிட்டுகள் மத்தியத் தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போதும், தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவம் நிரப்பும்போதும் துணைவேந்தர் அறையிலிருந்து யாருக்குப் போன் வருகிறது? ஐந்து வருட அட்மிஷன் கணக்கைப் பாலினவாரியாக, மாநிலவாரியாக ராத்திரி பத்து மணிக்குள் யார் எடுத்துக் கொடுக்கிறார்? ஒரு மதிப்பெண்ணை 38-லிருந்து 50 ஆக்கியது யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு என்பதைச் சாட்சியோடு சொல்லக் கூடியவர் யார்?

எல்லாவற்றுக்கும் மேல், 2023-ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்க வேண்டிய ஏற்பாட்டைச் செய்யத் தவறிய நிறுவனத்துக்கு அந்தச் சட்டம் விதிக்கக் கூடிய உச்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 250 கோடி ரூபாய்! அந்த அபராதத்துக்கும் உன் கல்லூரிக்கும் நடுவே நிற்பது உன் கை. அந்தக் கையை "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று நீட்டலாமா?

இவ்வளவும் உன் பக்கம் பேசினேன். இனி உன்னைத் திட்டப் போகிறேன்.

பேக்கப் எடுக்கிறாயா? "தினமும் ராத்திரி ஓடுது அண்ணே." சரி, அந்தப் பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, முழு டேட்டாபேஸையும் உயிர்ப்பித்துப் பார்த்தது எப்போது? பதில் வராது. எனக்குத் தெரியும். பலரும் இந்த இடத்தில்தான் மௌனமாகிறார்கள். ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை வைத்துக்கொண்டு சம்பள உயர்வு கேட்பது தைரியம் ஆகாது, அது வாய்ச்சவடால்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற உலகப் புகழ் நிறுவனத்தில் என்ன நடந்தது என்று தேடிப் படி. களைத்துப் போன ஓர் என்ஜினீயர், தவறான சர்வரில் கட்டளையைத் தட்டி, நடப்பு டேட்டாபேஸின் கோப்புகளையே அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வகை ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூடச் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரியத்துக்காக யாரோ எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் அவர்கள் ஒளிக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், எங்கே தவறியது என்று வரிவரியாக எழுதி வெளியிட்டார்கள். ஐந்து பேக்கப் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும் உனக்கு?

கற்றுக்கொள்ளக் காசு இல்லை என்று சொல்லாதே, அந்தச் சாக்கு செத்துப் பல காலம் ஆயிற்று. கிட்லேப் ஓட்டிக்கொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ். அந்த டேட்டாபேஸே ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த குழந்தை. அமெரிக்காவின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் அதைத் தொடங்கினார். அதில் எஸ்.க்யூ.எல். மொழியைச் சேர்த்து 1990-களில் மறுபிறவி கொடுத்தவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள். ஸ்டோன்பிரேக்கருக்குக் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது 2014-ஆம் ஆண்டுக்காகக் கிடைத்தது. இன்றைக்கு அதை இறக்கிப் பயன்படுத்த உனக்கு ஒரு பைசா செலவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதில் பேக்கப் எடு, வேண்டுமென்றே அழி, நேற்று மதியம் 2.40 மணி நிலைக்குத் திரும்பக் கொண்டுவா. முதல் தடவை நாலு மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வை. அது நாற்பது நிமிடமாகச் சுருங்கும் நாளில் உன் முதுகு தானாக நிமிரும், நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சம்பளக் காகிதத்துக்கு வருவோம். நம் ஆட்கள் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். ‘எல்லாம் சேர்த்து 26,000’ என்றால் சந்தோஷம். எல்லாம் என்றால் எது எது?

பணிக்கொடையை எடுத்துக்கொள். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த கணக்கு எளியது: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டு, 15-ஆல் பெருக்கு, 26-ஆல் வகு, எத்தனை வருடமோ அதால் பெருக்கு. உன் 26,000-மும் அடிப்படையாகவே இருந்தால் பத்து வருடத்துக்கு 1,50,000 ரூபாய் வரும். அதே 26,000-ஐ அடிப்படை 10,400, மீதி ‘இதர படிகள்’ என்று பிரித்துப் போட்டிருந்தால்? வெறும் 60,000. மாதா மாதம் கையில் வருவது ஏறக்குறைய ஒன்றுதான், கடைசி நாளில் 90,000 ரூபாயைக் காணோம். பே ஸ்லிப்பில் ஒரு வரியை மாற்றி எழுதியதற்கு நீ கொடுத்த விலை அது. இந்தத் தந்திரத்துக்கு ஒரு கடிவாளம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கிவைக்கும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்படிப் பார்த்தால் 13,000-க்குக் கணக்கு, பத்து வருடத்துக்கு 75,000. குறித்த காலத்துக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டிய அவசியமும் போய், ஒரு வருடப் பணிக்கே பணிக்கொடை உண்டு என்றாயிற்று. எழுத்தில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுப்பதும் கட்டாயம். ‘கன்சாலிடேட்டட்’ (தொகுப்பூதியம்) என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி உன்னை மூலையில் உட்கார வைத்த காலம் மாறுகிறது. சட்டம் மாறியது உனக்குத் தெரியாவிட்டால் உனக்கு மட்டும் மாறாது, அவ்வளவுதான்.

பி.எஃப். பார்த்தாயா? உன் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12. சட்டம் கட்டாயப்படுத்துவது 15,000 ரூபாய் ஊதியம் வரைக்கும். அதன்படி மாதம் 1,800. நிர்வாகத்தின் 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, 550 உன் கணக்கில் சேர்கிறது. 2024-25-ல் வட்டி 8.25 சதவீதம், பெரிய வங்கிகளின் வைப்புநிதியில் இது எளிதில் கிடைக்காது. பத்து வருடம் பணி சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. அதனால் வேலை மாறும்போது பணத்தை எடுத்து வண்டி வாங்காதே, புதுக் கணக்குக்கு மாற்று. உமங் செயலியில் பாஸ்புக்கைத் திற. பிடித்தது கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதா மாதம் பார். இதில் கூச்சம் என்ன? உன் பணம்!

இ.எஸ்.ஐ.யில் ஒரு பொறி இருக்கிறது. சம்பளம் 21,000 வரை இருந்தால் நீ 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும், குடும்பத்துக்கே வைத்தியம். 21,000-ஐத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே. ஆயிரம் ரூபாய் உயர்வு வாங்கிய சந்தோஷத்தில் அப்பாவின் வைத்தியத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டும் வருடத்தில், உயர்வோடு சேர்த்துக் குழு மருத்துவக் காப்பீட்டையும் கேள். பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்றும் கேள்.

தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று. "கல்யாணம் ஆனா போயிடுவாங்க" என்று சொல்லியே உன் சம்பளத்தில் கை வைப்பார்கள். 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்பது சட்டம். சலுகை கேட்கிற குரலில் அதைக் கேட்காதே. சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வசதி உள்ள வேலை உன்னுடையது. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இதைவிட ஏற்ற வேலை இந்த வளாகத்தில் வேறு எது?

பண்டிகைக்கும் கோடைக்கும் ஆசிரியர்கள் விடுமுறையில் போவார்கள், நீ போக மாட்டாய். அப்படியானால் ஈட்டிய விடுப்பு எத்தனை நாள், அதைப் பணமாக்கலாமா? ரிசல்ட் வாரத்தில் விடிய விடிய விழித்ததற்கு மாற்று விடுப்பு உண்டா? பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, வளாகப் பேருந்து, பகுதி நேரப் படிப்புக்குக் கட்டணக் குறைப்பு? கையில் காசு கொடுக்க மனம் வராத நிர்வாகம்கூட இவற்றைக் கொடுக்கும். கேட்டால்.

அளவுகோல் வேண்டுமா? மத்தியப் பல்கலைக்கழகங்களில் சிஸ்டம் அனலிஸ்ட் பணி பொதுவாக லெவல் 10. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100, அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும், வருடம் 3 சதவீத உயர்வு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் வாங்கும் மாத ஊதியத்தைப் பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் உன் வேலையைச் செய்பவர் என்ன வாங்குகிறார் என்பது ரகசியம் இல்லை, போய்ப் படி. அமெரிக்காவிலும் பல மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தைப் பெயரோடு யாரும் பார்க்கலாம். அங்கே இந்தத் தொழிலின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலே. அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து காட்டாதே, கேலி செய்வார்கள். ஆனால் உலகம் இந்த வேலையை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பதாவது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அரசு வேலைதான் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய்ப் பங்களிப்புத் திட்டம் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நிதி நெருக்கடியால் சம்பளம் தாமதமாகி, ஊழியர்கள் போராடியதையும் செய்திகளில் படித்தோம். எங்கே இருந்தாலும் உன் கையில் இருக்கிற வித்தைதான் உன் காப்பு.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனவன்தான் பிழைப்பான் என்ற காலமும் மலையேறிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து தெற்கே போ, தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லேயே வந்து உட்கார்ந்துவிட்டது. உன் ஊரையே எடுத்துக்கொள். 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. அந்தக் குடும்பத்தின் குழுமத்திலிருந்துதான் 1990-களில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் கிளம்பியது. அது இன்றைக்கு எதை விற்கிறது தெரியுமா? பல நாட்டுக் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள்! ராஜபாளையத்தில் வேர் விட்ட ஒரு குழுமம் உலகத்துக்கே சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்கிறது. ராஜபாளையத்துப் பையன் தன் சம்பளத்தைக் கேட்க வாய் திறக்க மாட்டேன் என்கிறான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

"கேட்டா வேலையை விட்டு அனுப்பிட்டா?" என்கிறாய். சர்வரின் சாவி தெரிந்த ஆளை அவ்வளவு எளிதாக யாரும் அனுப்புவதில்லை. அதற்காக, நீ போனால் எல்லாம் நின்றுவிடும் என்று பாஸ்வேர்டை மடியில் கட்டிக்கொண்டு மிரட்டாதே. அது அற்பத்தனம். எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, நிமிர்ந்து பேசு. ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் எங்கேயும் ஒப்படைத்துவிட்டு வராதே. ஆசிரியர்களின் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யே கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நியாயம் உனக்கும் பொருந்தும். சரிபார்க்கக் காட்டு, நகல் கொடு, அசலைக் கையோடு கொண்டுவா.

அடுத்த ஊதிய ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரே ஒரு பக்கம் தட்டச்சு செய். இந்த வருடம் ரிசல்ட் நாளில் தளம் எத்தனை நிமிடம் நின்றது, போன வருடம் எத்தனை. ரெஸ்டோர் சோதனை எந்தத் தேதிகளில் செய்தாய், எவ்வளவு நேரம் ஆனது. நாக் குழுவுக்கும் என்.ஐ.ஆர்.எஃப்.-க்கும் எடுத்துக் கொடுத்த அறிக்கைகள் எத்தனை. கடைசி வரியில், நீ எதிர்பார்க்கும் தொகை, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதோடு. பதிவாளர் அறைக்குப் போ, உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் ஒட்டாமல் முழுசாக உட்கார். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இரு. அந்த அரை நிமிட மௌனம் உன்னைக் கொல்லும், எதையாவது உளறி "முடிஞ்சதைப் பண்ணுங்க சார்" என்று முடிக்கத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறு. "இந்த வருஷம் பட்ஜெட் இல்லப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவர் சொன்னால், "எந்த மாதம் சார்?" என்று கேள். மாதத்தைச் சொல்வார். அன்று மாலையே, நன்றி சொல்லி, அந்த மாதத்தையும் அந்தத் தொகையையும் குறிப்பிட்டு அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு.